காற்றைக் கணக்கெடுத்த மீட்டர்

இது ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய கட்டுரை. எனக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெற்றது நானல்ல, நான் பார்த்த வேலை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆறு வருடம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் பார்த்தேன். இப்போது மீட்டரே எண்ணை அனுப்புகிறது. தெரு வழியாக வண்டியில் போனால் போதும், கையிலுள்ள கருவியில் எல்லா வீட்டுக் கணக்கும் பதிவாகிவிடும். யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை. எங்கள் ஒப்பந்தம் முடிந்து நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன்.

போன வாரம், அந்தக் கருவியோடு போகும் வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, மீட்டர் வைக்கலாமா வேண்டாமான்னு வீட்டுக்கு வீடு கேக்காங்க. ஒரே வரியில என்ன சொல்ல?"

ஒரே வரியில் சொல்லித்தான் ஒரு முறை தவறு செய்தேன். அதனால் இதை நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கான்சாபுரத்திலிருந்து தினமும் கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போய் சிவில் இன்ஜினியரிங் படித்தேன். அங்கே குழாயில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுவோம். அந்த அனுமானத்தைப் பரீட்சைத் தாளில் எழுதக்கூடத் தேவையில்லை. படிப்பு முடிந்து ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். பதினைந்து நாள் பயிற்சி. அதற்குப் பிறகு கையில் ஒரு கிளிப் அட்டை, ஒரு டார்ச், ஐந்நூறு வீடுகள்.

மீட்டரின் முகத்தில் கறுப்பு எண்களும் சிவப்பு எண்களும் இருக்கும். கறுப்பு எண் ஆயிரம் லிட்டர் கணக்கு. ஆயிரம் லிட்டர் ஒரு யூனிட். சிவப்பு, அதற்குக் கீழே உள்ள சில்லறை லிட்டர். நடுவில் நட்சத்திரம் போல ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. தண்ணீர் போனால் அது சுற்றும். பில்லில் பார்க்க வேண்டியவை மூன்று: போன மாத எண், இந்த மாத எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மற்றதெல்லாம் அந்த மூன்றிலிருந்து வருவதுதான். மீட்டர் இல்லாத வீட்டுக்கு இந்த மூன்றும் கிடையாது. கூடப் பிடித்தாலும் குறையப் பிடித்தாலும் ஒரே கட்டணம்.

இவ்வளவுதான் விஷயம் என்று முதல் வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு மேலே செல்வராணி மேடம். உதவிப் பொறியாளர், நாற்பதை நெருங்கியவர். அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் ஒரு ஸ்பானரும் மீட்டர் கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய துணியும் இருக்கும். அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு.

ஒன்று, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். மரியாதைக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு சண்டைக்கு நின்றார். மீட்டரில் உள்ள எண்ணைச் சிவப்போடு சேர்த்து வாசித்திருந்தார். யூனிட் லட்சக்கணக்கில் போயிருந்தது.

"நாலு நாளைக்கு ஒருக்கா வார தண்ணி. இதுல இம்புட்டு எப்படி வரும்? ஆறாவது மைல் டேம் பூராவும் நான் ஒருத்தன்தான் குடிச்சேனா?"

உள்ளே இருந்து அவர் மனைவி சொன்னார்: "அவிய தண்ணி குடிச்சு நாங்க எங்க பாத்தோம்?"

மேடம் சிரிக்கவில்லை. "குடிக்கச் செத்த தண்ணி குடுங்கக்கா" என்றார். அந்த அம்மா அடுக்களையில் கேனைச் சாய்த்து ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். மேடம் குடித்து முடித்து, கறுப்பு எது சிவப்பு எது என்று அந்த மனிதருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "கேன் தண்ணி. கொழாத் தண்ணி இவங்களுக்குத் துவைக்கவும் கழுவவும்தான். எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். ஒரு வீட்டில் தண்ணீர் எங்கிருந்து எடுத்துத் தருகிறார்கள், எவ்வளவு தயங்குகிறார்கள், டம்ளரில் தருகிறார்களா சொம்பில் தருகிறார்களா என்பதிலிருந்து அந்த வீட்டுத் தண்ணீர்ப்பாட்டை அவர் படித்துவிடுவார் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது பழக்கம் பதிவேட்டில். நாங்கள் போய்ப் பார்த்ததையெல்லாம் ஒரு நீளமான பதிவேட்டில் கையால் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சுருக்கொப்பம். "அடிச்சது என்னன்னு பின்னாடி வாரவங்க படிக்கணும், மகேஸ்" என்பார். மகேஸ்வரி என்ற என் பெயரை அவர் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

மூன்றாம் வருடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பகுதிக்கு மீட்டர் வந்தது. கட்டாயமில்லை. பழையபடி ஒரே கட்டணத்தில் இருக்கலாம், விரும்பினால் மீட்டர் வைத்துக்கொள்ளலாம். வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. நான்கு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டுவைத்திருந்தேன். வீட்டில் எத்தனை பேர், மாடியில் தொட்டி உண்டா, வாடகைக்கு ஆள் உண்டா, ஆடு மாடு உண்டா.

அந்தப் பகுதியில் ஒரு தெரு மேட்டில் ஏறிப் போகும். அதன் கடைசி வீடு, எல்லாவற்றையும்விட உயரத்தில் இருப்பது, பேச்சியம்மாள் அக்காவுடையது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. காலை ஐந்தே காலுக்கு மில் வேன் வந்துவிடும். கணவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் மகள் கலாவும் அவரும்தான் வீட்டில்.

"வைக்கட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு தாயி. நீ படிச்ச பொண்ணு."

"ரெண்டே பேருதானக்கா. மாடியில தொட்டியும் இல்ல. வைங்க, உங்களுக்குக் கம்மியாத்தான் வரும்."

இதுதான் நான் சொன்ன ஒரு வரி.

முதல் மாதம் ஏழு யூனிட் வந்தது. இரண்டாம் மாதமும் ஏழு. அந்த இரண்டாம் மாதம் நான் பில்லோடு போனபோது வீடு பூட்டியிருந்தது. மூன்று வீடு தள்ளியிருந்த வேலுச்சாமி அண்ணாச்சியிடம் பில்லைக் கொடுத்து, வந்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு எழுந்து, வாசல் பெருக்கி, செய்தித்தாள் படிக்கிற மனிதர். நம்பிக்கையாகத்தான் கொடுத்தேன். அவர் அதை என் கண்முன்னாலேயே பிரித்துப் பார்த்தார்.

"ஏழா? எங்க வீட்ல அஞ்சு பேரு, அஞ்சு யூனிட்டு. ரெண்டு பொம்பளையாளுக்கு ஏழு எப்படிம்மா வரும்?"

எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பாக்கணும் அண்ணாச்சி" என்றேன். நானும் சந்தேகப்படுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பத்து நாளில் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. பதினோரு வீட்டுக் கையெழுத்து. கடைசி வீட்டில் குழாயில் மோட்டார் மாட்டித் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள், அதனால் மற்ற வீடுகளுக்கு நூல் போல வருகிறது என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் இது புதிய குற்றச்சாட்டில்லை. உறிஞ்சுகிறவர்கள் உண்டு. பிடிபட்டால் இணைப்பைத் துண்டிப்போம்.

நான் போய்ப் பார்த்தேன். அப்போதும் வீடு பூட்டித்தான் இருந்தது. கம்பிக் கதவு வழியாக உள்முற்றம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அரைக் குதிரைத்திறன் மோட்டார் இருந்தது. திரும்பி வந்து பதிவேட்டில் மூன்று வாக்கியங்கள் எழுதினேன்.

'வீட்டில் மோட்டார் காணப்பட்டது. இருவர் வசிக்கும் வீட்டில் மாதம் ஏழு யூனிட் பதிவாகிறது. குடிநீர்க் குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது உறுதியாகிறது.'

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை அந்த இரண்டிலிருந்து நானே செய்தேன்.

அந்த வாரம் ராஜபாளையத்தில் பெரிய குழாய் ஒன்று உடைந்து, மேடம் மூன்று நாளாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பதிவேட்டை அங்கேதான் கொண்டுபோனேன். சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே வாசித்தார்.

"அந்த வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சியா?"

"வீடு பூட்டியிருந்துச்சு மேடம்."

அந்த மூன்று வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஃபிட்டர் போய் இணைப்பைத் துண்டித்தார்.

அன்று மாலையே பேச்சியம்மாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். மில்லிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. சத்தம் போடவில்லை.

"அந்த மோட்டாரு எம் புருசன் தோட்டத்து வேலைக்குப் போகையில வாங்கினது. அவிய போனதுல இருந்து அப்படியேதான் கெடக்கு. அதுக்கு ஒயரே கெடையாது. வந்து பாத்தியா நீ?"

"கம்பிக் கதவு வழியா..."

"கதவு வழியா ஒயரு தெரிஞ்சுச்சா?"

ஒயர் இல்லாவிட்டால் வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாமே என்று அப்போதும் மனசுக்குள் நினைத்தேன். அதை இங்கே மறைக்கக் கூடாது. ஏழு என்ற எண்ணை அந்த அளவுக்கு நம்பினேன்.

"என் பில்ல அவரு கைல ஏன் குடுத்த?"

"விசாரிக்கிறோம்க்கா" என்றேன்.

இருபத்தாறு நாள் அவர் வீட்டில் குழாய் இல்லை. மில்லிலிருந்து வந்து, மேட்டிலிருந்து இறங்கி, கீழ்த்தெருவின் பொதுக்குழாயில் பிடித்து ஏறினார். ஒருநாள் கீழ்த்தெருவில் நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் குடத்தோடு வந்தார். வரிசையில் நின்ற ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்.

"ஏட்டி, தள்ளி நில்லு. மோட்டாரு வீட்டுக்காரி வாரா."

"இங்கயும் மோட்டாரு கொண்டாந்திருக்காளா என்னன்னு பாரு. கொடத்துக்குள்ள வச்சிருப்பா."

அவர் தன் முறை வரும்வரை நின்று, பிடித்து, தூக்கிக்கொண்டு போனார். என்னைப் பார்த்தார். பார்க்காதது போலவே போனார். அவர் வீட்டுக்கு 'மோட்டார் வீடு' என்று பெயராகியிருந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்து என் பதிவேட்டில்தான் எழுதப்பட்டது.

மாதக் கடைசியில் மேட்டுத் தெருவில் கணக்கெடுத்தேன். உறிஞ்சுகிற வீட்டைத் துண்டித்துவிட்டோம். இனி எல்லோருக்கும் தாராளமாகத் தண்ணீர் வந்திருக்க வேண்டும். வேலுச்சாமி அண்ணாச்சி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"அன்னைக்காவது நூல் மாதிரி வந்துச்சு. இப்ப அதுவும் செத்த நேரம் கழிச்சுத்தான் வருது. சரி, மீட்டரப் பாரு."

எட்டு. போன மாதம்வரை ஐந்து. அதே ஐந்து பேர்.

பக்கத்து வீட்டில் மூன்று, ஐந்தாகியிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் ஏறியிருந்தது. தெருவின் மேல்பாதி முழுக்க இப்படித்தான். என் பட்டியலில் இருந்த நான்கு கேள்விகளில் எதுவும் அங்கே மாறவில்லை. அப்போதுதான் எனக்கு மேடத்தின் பழக்கம் ஞாபகம் வந்தது. "குடிக்கத் தண்ணி குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவருடைய மருமகள் சொம்பில் கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே, தண்ணீர் எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கும் வரும், எட்டரைக்கும் வரும், சொல்ல முடியாதுக்கா. முன்னாடின்னா பேச்சியம்மா அத்தை வீட்டுக் கொழா கூவும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்க எல்லாரும் தொறப்போம். அத்தை ஷிப்டுக்குப் போகையிலயே கொழாயத் தொறந்து போட்டு, அடியில டிரம்ம வச்சிட்டுப் போயிரும். சத்தம் வந்தா கலா எந்திரிக்கணும்ல, அதுக்கு. இப்பத்தான் அந்தக் கொழா இல்லையே. அதான் விடிஞ்சதும் நாங்களே தொறந்து போட்டுட்டு உக்காந்திருக்கோம். காத்தா வருது, காத்தா வருது, பொறவுதான் தண்ணி."

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். கல்லூரியில் எழுதாமல் விட்ட அனுமானம் நினைவுக்கு வந்தது. குழாய் நிறைந்து ஓடுகிறது. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் குழாய் நிறைந்து இருக்காது. மூன்று நாள் அதில் இருப்பது காற்று. கீழே வால்வைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறுகிறது. காற்று வெளியேற ஒரு வாய் வேண்டும். தெருவிலேயே உயரமான, திறந்து கிடக்கும் ஒரே குழாய் எதுவோ அதன் வழியாக வெளியேறும். போகிற வழியில் நட்சத்திரச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். சக்கரத்துக்குத் தண்ணீருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும், பில்லைக் கைமாற்றிக் கொடுத்தது உட்பட. அவர் திட்டவில்லை. "நானும்தான கையெழுத்துப் போட்டேன்" என்றார். அடுத்த தண்ணீர் முறை பேச்சியம்மாள் அக்காவின் வார விடுமுறையில் வந்தது. முந்தின நாளே இணைப்பை மறுபடி கொடுத்துவிட்டு, காலை ஐந்தரைக்கு நாங்கள் இருவரும் அவர் வீட்டு வாசலில் இருந்தோம். சாட்சிக்கு வேலுச்சாமி அண்ணாச்சியையும் கூப்பிட்டிருந்தோம். சத்தம் கேட்கும்வரை குழாயைத் திறக்க வேண்டாம் என்று மற்ற வீடுகளில் சொல்லிவைத்திருந்தோம்.

மேடம் வழக்கம்போல, "குடிக்கச் செத்த தண்ணி குடுங்கக்கா" என்றார்.

பேச்சியம்மாள் அக்கா உடனே உள்ளே போகவில்லை. "கீழ்த்தெருக் கொழாத் தண்ணிதான் இருக்கு. நேத்துப் பிடிச்சது. பரவாயில்லையா?"

"குடுங்க."

ஒரு டம்ளர், முக்கால் அளவு. மேடம் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எனக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

குழாயைத் திறந்து அடியில் டிரம்மை வைத்தோம். மீட்டர் எண்ணைச் சிவப்போடு சேர்த்து எழுதிக்கொண்டேன். ஆறு நாற்பதுக்குக் குழாய் கூவத் தொடங்கியது. முதலில் மூச்சு விடுவது போல, பிறகு சீழ்க்கை போல. கீழே ஒவ்வொரு வீடாகக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குடங்கள் இடம் மாறின. இங்கே சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டிரம் காய்ந்து கிடந்தது. பதினோரு நிமிடம் கழித்து முதல் சொட்டு விழுந்தது. அந்த நொடியில் எண்ணை எழுதினேன். வித்தியாசம் அறுநூற்றுப் பன்னிரண்டு லிட்டர்.

வேலுச்சாமி அண்ணாச்சி குனிந்து டிரம்மைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி டிரம்மைப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும்..."

"இம்புட்டு நாளும் தெருக் காத்து பூராவும் எங்க வீட்டு வழியாத்தான் போயிருக்குண்ணே" என்றார் பேச்சியம்மாள் அக்கா. "ஒங்க வீட்டுக் காத்துக்கும் சேத்து நான்தான் கட்டியிருக்கேன்."

அண்ணாச்சி உள்முற்றத்தில் கிடந்த மோட்டாரை அருகில் போய்ப் பார்த்தார். ஒயர் இல்லை. குளவி கூடு கட்டியிருந்தது.

அடுத்த பத்து நாளில் தெருக் கோடியில், எந்த வீட்டு மீட்டருக்கும் போகாத இடத்தில், காற்று மட்டும் வெளியேறும் வால்வு ஒன்றைப் பொருத்தினோம். உள்ளங்கையில் அடங்கும் சாமான். இப்போது அது கூவுகிறது, தெரு திறக்கிறது. கூடுதலாக வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்தோம். பேச்சியம்மாள் அக்கா விரும்பினால் பழையபடி ஒரே கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னார்.

"வேண்டாம். மீட்டரு இருக்கட்டும். நாளைக்கு வேற யாராச்சும் எதாச்சும் சொன்னா நான் எதக் காட்டுவேன்?"

அடுத்த மாதம் மூன்று யூனிட். பில்லை மாலையில், அவர் மில்லிலிருந்து வந்தபிறகு, அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஆகவே, போனில் கேட்ட தங்கைக்கு: மீட்டர் வைப்பதா வேண்டாமா என்பதற்கு வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுப் பதில் சொல்லாதே. வீடு மேட்டில் இருக்கிறதா பள்ளத்திலா, குழாயின் கடைசியிலா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, வருவதற்கு முன் குழாயைத் திறந்து போடுகிறார்களா, தெருவில் காற்று வால்வு உண்டா என்று பார். இத்தனையும் சரியாக இருந்து ஆட்களும் குறைவு என்றால் மீட்டர் நல்லது. வால்வு இல்லாத மேட்டுத் தெரு என்றால், முதலில் வால்வு, பிறகு மீட்டர். பில் திடீரென்று ஏறினால் ஆளைச் சந்தேகிக்கும் முன் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்து, மீட்டரின் பக்கத்தில் நீயே உட்கார். வண்டியில் போகும்போது வருகிற எண் சரியான எண்தான். ஆனால் அது எதை எண்ணியது என்று உன் கருவி சொல்லாது.

பேச்சியம்மாள் அக்கா கடைசியாக ஒன்று கேட்டார். பணத்தைப் பற்றியல்ல. "நீ என்னையப் பத்தி எழுதுனியே, அந்த நோட்டப் பாக்கணும்."

அடுத்த விடுமுறையில் அலுவலகத்துக்கு வந்தார். கலாவும் கூட வந்திருந்தாள். வேலுச்சாமி அண்ணாச்சியும் யாரும் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றார். பதிவேட்டைத் திறந்து வைத்தேன். பேச்சியம்மாள் அக்கா விரல் வைத்து மூன்று வாக்கியத்தையும் சத்தமாக வாசித்தார். நான் அளவுகோல் வைத்து மூன்றாவது வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். கீழே, 'ஆய்வில் தவறு எனத் தெரிந்தது. மீட்டர் காற்றைப் பதிவு செய்துள்ளது. மோட்டார் இணைப்பு இல்லாதது' என்று எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அதற்குக் கீழே மேடம் தன் கையெழுத்தைப் போட்டார்.

அக்கா குனிந்து பார்த்தார். "அடிச்ச பொறவும் தெரியுதே."

"தெரியணும்னுதான்க்கா அப்படி அடிக்கிறது. பின்னாடி வாரவங்க படிக்கணும்" என்றேன்.

"சரி." என் சுருக்கொப்பத்தில் விரலை வைத்தார். "இது என்ன கிறுக்கல்? என் பேரு மேல முழுசா இருக்கு. வீட்டு நம்பரோட இருக்கு. எழுதுனது யாருன்னு மட்டும் எப்படி வாசிப்பாங்க?"

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. நான் பேனாவை எடுத்து 'மகேஸ்வரி' என்று எழுதினேன்.

"இன்ஷியல்?"

அதையும் எழுதினேன். அவர் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.